மாடிப்படிக்குக் கீழே நிற்கும் ஸ்கூட்டர்: ஒரு சிறு வரலாறு

பழைய தெருக்களில் இன்றும் பார்க்கலாம். மாடிப்படிக்குக் கீழேயோ, கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையிலோ, தார்ப்பாய் போர்த்திய ஒரு ஸ்கூட்டர் நிற்கும். பெரும்பாலும் அது பஜாஜ் சேட்டக். சில வீடுகளில் லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர் அல்லது எல்.எம்.எல். வெஸ்பா. டயரில் காற்று இருக்காது. சீட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கும். "காயலான் கடைக்குப் போட்டுவிடலாமே" என்று வருடத்துக்கு ஒருமுறை யாராவது சொல்வார்கள். ஆனால் போட மனசு வராது.

அப்படிப் பதினைந்து, இருபது வருடம் நின்ற வண்டியைக்கூட ஒரு நல்ல மெக்கானிக் ஒன்றிரண்டு வாரத்தில் ஓட வைத்துவிடுகிறார். பல வருடம் அசையாமல் கிடந்த ஃபிரிட்ஜையோ, டிவியையோ, கம்ப்யூட்டரையோ அப்படி எழுப்புவது அவ்வளவு சுலபமில்லை. ஸ்கூட்டருக்கு மட்டும் இது எப்படி முடிகிறது?

பதிலில் பாதி இன்ஜினுக்குள் இருக்கிறது. மீதிப் பாதி இந்தியாவின் பொருளாதார வரலாற்றில் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை என்பதால் அதையும் சேர்த்தே பார்ப்போம்.

விமானக்காரர் வரைந்த வண்டி

கதை இத்தாலியில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பொண்டெடேரா என்ற ஊரிலிருந்த பியாஜியோ தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. போர் விமானங்கள் செய்த கம்பெனி அது. போர் முடிந்தபின் விமானம் யாருக்கு வேண்டும்? சாலைகள் பாழ், மக்கள் கையில் காசு இல்லை, கார் வாங்க வழியில்லை. மலிவான ஒரு வண்டி செய்தால்தான் தொழிற்சாலைக்கும் தொழிலாளிகளுக்கும் வாழ்வு என்று முடிவு செய்தார் முதலாளி என்ரிகோ பியாஜியோ.

வடிவமைக்கும் பொறுப்பு கொராடினோ டாஸ்கானியோ என்ற பொறியாளரிடம் வந்தது. அவர் 1930-லேயே ஹெலிகாப்டர் செய்து பறக்கவிட்டவர். அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே பிடிக்காது! உட்கார வசதியில்லை, செயின் எண்ணெய் துணியில் படுகிறது, பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு. இவைதான் அவருடைய குறைகள். பிடிக்காதவரிடம் வேலையைக் கொடுத்ததுதான் நல்லதாகப் போயிற்று.

செயினே வேண்டாம் என்று இன்ஜினைப் பின்சக்கரத்தோடு நேரடியாக இணைத்தார். கியரைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். விமானத்தின் தரையிறங்கும் சக்கரத்தைப் போல முன்சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்க வைத்தார். அதனால் கார் சக்கரத்தைப் போல நாலைந்து நட்டுகளைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டிவிடலாம். தனியாகச் சட்டம் எதுவும் இல்லாமல், வளைத்து ஒட்டிய இரும்புத் தகடே வண்டியின் எலும்பாகவும் தோலாகவும் இருந்தது. 1946 ஏப்ரல் 23 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். வண்டியைப் பார்த்த பியாஜியோ "குளவி மாதிரி இருக்கிறதே" என்றாராம். இத்தாலிய மொழியில் குளவிக்கு வெஸ்பா என்று பெயர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அடுத்த வருடமே போட்டி வந்தது. மிலான் நகரில் இரும்புக் குழாய்த் தொழில் செய்துவந்த ஃபெர்டினாண்டோ இன்னொசெண்டி 1947-இல் லாம்ப்ரெட்டாவைக் கொண்டுவந்தார். குழாய் வியாபாரி அல்லவா, அவருடைய வண்டிக்குக் குழாய்தான் சட்டம்! தகடா, குழாயா என்ற அந்த வித்தியாசம் பின்னாளில் இந்திய டிங்கர் பட்டறை வரை வந்து சேர்ந்தது.

பம்பாய், புனே, அம்பத்தூர்

இந்த இரண்டு இத்தாலிய வண்டிகளும் இந்தியாவுக்கு வெவ்வேறு கைகள் வழியாக வந்தன.

லாம்ப்ரெட்டாவைக் கொண்டுவந்தது ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சுருக்கமாக ஏ.பி.ஐ. பிரிட்டனின் ரூட்ஸ் குழுமம் 1949-இல் பம்பாயில் தொடங்கிய நிறுவனம் இது. பிற்பாடு இதை வாங்கியவர் எம்.ஏ. சிதம்பரம். ஆமாம், சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயராக இருக்கும் அதே சிதம்பரம்தான். சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரிலும் ஏ.பி.ஐ.க்கு ஆலை இருந்தது. லாம்பி என்ற பெயரில் ஓடிய ஸ்கூட்டரைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

வெஸ்பாவைக் கொண்டுவந்தது பஜாஜ். 1945-இல் பச்ராஜ் டிரேடிங் என்ற பெயரில் தொடங்கி, 1948-இல் வண்டிகளை இறக்குமதி செய்து விற்றது. 1959-இல் உற்பத்தி செய்ய அரசின் அனுமதி கிடைத்தது. 1960-இல் பியாஜியோவோடு ஒப்பந்தம் போட்டு, புனே அருகே ஆக்குர்டியில் வெஸ்பா 150 தயாரித்தார்கள். 1971-இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. வெளிநாட்டுப் பெயர் போனது, ஆனால் வண்டி போகவில்லை! அதே அச்சில் 1972-இல் பிறந்ததுதான் சேட்டக். ஹல்திகாட்டிப் போரில் ராணா பிரதாப்பைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் குதிரையின் பெயர் அது. கடைசி மூச்சு வரை சுமந்த குதிரையின் பெயரை வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் இத்தாலியில் இன்னொசெண்டி ஸ்கூட்டர் செய்வதை நிறுத்திவிட்டது. இந்திய அரசு அந்த இயந்திரங்களையும் வரைபடங்களையும் உரிமையையும் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றியது. 1972-இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. 1975-இல் உற்பத்தி தொடங்கியது. உள்நாட்டில் விஜய் சூப்பர், ஏற்றுமதிக்கு லாம்ப்ரெட்டா.

பத்து வருடக் காத்திருப்பு

இத்தனை கம்பெனி இருந்தால் வண்டி தாராளமாகக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை! ஏன் என்பதுதான் இந்த வரலாற்றின் மையம்.

1951-ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒரு தொழிற்சாலை எதைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பதை அரசு முடிவு செய்தது. அனுமதித்த அளவைத் தாண்டி உற்பத்தி செய்தால் அது குற்றம். 1969-இல் ஏகபோகத் தடைச் சட்டம் வந்தபின் பெரிய நிறுவனங்கள் விரிவாக்கம் செய்வது இன்னும் கடினமாயிற்று. மக்களுக்கு வேண்டிய பொருளை அதிகமாகச் செய்ததற்காகச் சிறை என்றால் சிறைக்குப் போகத் தயார் என்று ராகுல் பஜாஜ் சொன்னது பிரபலம்.

தேவை அதிகம், அளிப்பு குறைவு, விலையையும் ஏற்ற முடியாது. பொருளியல் முதல் பாடத்தில் வரைபடம் போட்டு விளக்கும் நிலைமை இது. விலை ஏறாவிட்டால் வரிசை நீளும். நீண்டது. அஞ்சலகத்தில் முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். சேட்டக்குக்குப் பத்து வருடம் வரை காத்திருந்தவர்கள் உண்டு. வெளிநாட்டில் உறவினர் இருந்து அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும். இல்லாதவர்களுக்குக் கள்ளச்சந்தைதான். நேற்று ஷோரூமிலிருந்து எடுத்த வண்டியை இன்றைக்கு விற்றால் வாங்கியதைவிடக் கூடுதல் விலை! வெளியே எடுத்த நிமிடமே வண்டியின் மதிப்பு குறையும் என்று கணக்கியலில் தேய்மானம் படிப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

இப்போது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் வண்டியை மறுபடி பாருங்கள். அது கடைக்குப் போய் வாங்கிய பொருள் அல்ல. கல்யாணத்துக்கு முன் பதிவு செய்து, குழந்தை பள்ளிக்கூடம் போகும்போது வந்து சேர்ந்த வண்டியாகக்கூட இருக்கலாம். முன்னால் ஒரு பிள்ளை நிற்க, பின்னால் மனைவி பக்கவாட்டில் உட்கார, நடுவில் இன்னொரு பிள்ளை. நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் அதுதான். அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட மனசு வராததற்குக் காரணம் வெறும் பாசம் மட்டுமில்லை. அதற்காகக் கொடுத்த விலையில் காலமும் சேர்ந்திருக்கிறது.

மாறாத வண்டி

வாங்குபவர்கள் வரிசையில் நிற்கும்போது வண்டியை மேம்படுத்த வேண்டிய அவசியம் யாருக்கு? புதிய மாடலுக்குச் செலவு செய்யக் காரணமே இல்லை. சிறு சிறு மாற்றங்கள் நடந்தன. பிற்கால வண்டிகளில் பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது, விளக்குகள் மேம்பட்டன. ஆனால் 57 மில்லிமீட்டர் குறுக்களவும் 57 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட அந்த 145 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், கையில் மாற்றும் நாலு கியர், தகட்டு உடம்பு எல்லாம் அப்படியேதான் இருந்தன.

உதைப்பதற்கு முன் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தும் பழக்கம் நாடு முழுக்க இருந்தது. அது ஒரு குறை. அந்தக் குறையோடு மக்கள் முப்பது வருடம் வாழ்ந்தார்கள் என்பது போட்டி இல்லாததன் அடையாளம்.

1980-களில் கதவு மெல்லத் திறந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்து, வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு ஒரு வழி காட்டியது. ஜப்பானியக் கூட்டு முயற்சிகளுக்கு அனுமதி கிடைத்தது. 1984-இல் கைனடிக் ஹோண்டா கியரே இல்லாமல், பட்டனை அழுத்தினால் கிளம்பும் ஸ்கூட்டராக வந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டாவின் சிடி 100, பெட்ரோல் செலவில் ஸ்கூட்டரைத் தலைகுனிய வைத்தது. 1991-இல் தொழில் கொள்கையே மாறியது. 1990-களின் இறுதியில் மோட்டார் சைக்கிள் ஸ்கூட்டரை முந்திவிட்டது. பின்னர் வந்த ஹோண்டா ஆக்டிவா ஸ்கூட்டர் சந்தையை மீட்டது, ஆனால் அது வேறு வகை ஸ்கூட்டர். ஸ்கூட்டர்ஸ் இந்தியா 1997-இல் இருசக்கர வண்டியை நிறுத்தியது. சேட்டக்கின் உற்பத்தி 2000-களின் நடுவில் முடிந்தது. 2009 டிசம்பரில் ஸ்கூட்டர் தொழிலிலிருந்தே விலகுவதாக பஜாஜ் அறிவித்தது. 2019-இல் சேட்டக் என்ற பெயர் திரும்பி வந்தபோது உள்ளே இருந்தது மின்மோட்டார்!

ஆக, லைசென்ஸ் ராஜ்ஜியம் வாங்குபவருக்குச் செய்தது அநியாயம்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே அநியாயத்துக்கு எதிர்பாராத ஒரு விளைவு இருந்தது. ஒரே வடிவம் பல பத்தாண்டுகள் லட்சக்கணக்கில் ஓடியதால், ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்குப் பொருந்தியது. சிறு பட்டறைகள் தைரியமாக உதிரி பாகம் செய்தன, ஏனென்றால் அடுத்த வருடம் மாடல் மாறாது என்று தெரியும். ஊருக்கு ஊர் மெக்கானிக் உருவானார்கள், கற்றுக்கொண்ட ஒரே வேலை ஆயுள் முழுக்கச் சோறு போட்டது. சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேடினால் பிஸ்டன் ரிங் முதல் கிளட்ச் பிளேட் வரை கிடைத்ததற்குக் காரணம் இதுதான். பிரிட்டனில் பழைய லாம்ப்ரெட்டாவைப் பராமரிக்கும் ஆர்வலர்கள்கூட இந்தியாவில் செய்த பாகங்களை வாங்கி மாட்டினார்கள்.

எந்தத் தேக்கம் வாங்குபவரைக் காக்க வைத்ததோ, அதே தேக்கம்தான் இன்றைக்கு அந்த வண்டியைப் பிழைக்க வைக்கிறது.

நின்ற வண்டிக்கு உள்ளே என்ன நடக்கிறது?

இப்போது இன்ஜின் பக்கம் வருவோம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வு இல்லை, கேம் இல்லை, தனி இன்ஜின் ஆயில் தொட்டி இல்லை. முக்கியமாக அசையும் பாகங்கள் பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க் ஆகிய மூன்றுதான். பெட்ரோலோடு கலந்த ஆயிலே உள்ளே எல்லாவற்றுக்கும் உயவு. பாகம் குறைவு என்றால் கெடுவதற்கும் இடம் குறைவு.

வண்டி நின்றுபோகும்போது முதலில் கெடுவது பெட்ரோல். அது மெல்ல ஆவியாகி, மீதி பிசின் போலக் கார்புரேட்டருக்குள் ஒட்டிக்கொள்கிறது. ஊசித்துளை அளவேயுள்ள ஜெட் அடைத்துவிடும். காலியான டேங்குக்குள் ஈரக்காற்று புகுந்து துரு பிடிக்கும். ரப்பர் இறுகும். கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல், பெட்ரோல் குழாய், டயர் எல்லாம் வெடிக்கும். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒயர்கள் உறைக்குள் இறுகும். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவேறி ஒட்டுவதும் உண்டு.

பட்டியல் பெரிதாகத் தெரிந்தாலும் இவற்றில் எதுவும் மரண நோய் இல்லை. ஒன்று சுத்தம் செய்ய வேண்டியது, அல்லது மாற்ற வேண்டியது. உண்மையில் பயப்பட வேண்டியது உடம்பைப் பற்றித்தான். முன்னே சொன்னபடி வெஸ்பா வம்சத்துக்குத் தகடே எலும்பு. கால் வைக்கும் தளம் துருவேறி ஓட்டையாகிவிட்டால் அது அழகுப் பிரச்சினை அல்ல, பாதுகாப்புப் பிரச்சினை. ஆனால் இரும்புத் தகடு என்பதால் டிங்கர் வெட்டி, தட்டி, ஒட்டிச் சரிசெய்ய முடியும். பிற்கால வண்டிகளின் பிளாஸ்டிக் மூடி உடைந்தால் தட்டிச் சேர்க்க முடியாது. அதே மூடி கிடைத்தால்தான் உண்டு.

மறுபடி உதைப்பதற்கு முன்

கொட்டகையிலிருந்து எடுத்தவுடன் ஆர்வத்தில் கிக்கரை ஓங்கி உதைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஒட்டியிருக்கும் ரிங் உடைந்தால் சிலிண்டரில் கீறல் விழும், ரீபோர் செலவு வரும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பொறுமையாக ஒரு வரிசையில் போவார்கள்.

முதலில் பிளக்கைக் கழற்றி, துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு ஒருநாள் ஊறவிடுவார்கள். மறுநாள் இன்ஜின் விசிறியைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்தது டேங்க். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, மண்ணெண்ணெயோடு கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் துரு உதிரும். பெட்ரோல் குழாயையும் வாஷர்களையும் புதிதாக மாற்ற வேண்டும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. அதை மனதில் வைத்துச் செய்யாத பழைய ரப்பரை அது அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். எனவே ஓட்டாத நாட்களில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் இருப்பது நல்லது.

பிறகு கார்புரேட்டர். முழுக்கப் பிரித்துக் கழுவி, ஜெட்டைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதாகிவிட்டால் பெட்ரோல் அளவே மாறிப்போகும்.

அதன்பின் பொறி. பழைய வண்டியென்றால் பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து, பிளக்கை உடம்போடு ஒட்டிப் பிடித்து உதைத்துப் பார்ப்பார்கள். நீலப்பொறி தெரிந்தால் சரி. மஞ்சளாக மினுங்கினால் கண்டென்சரையோ காயிலையோ பார்க்க வேண்டும்.

பெட்ரோல், காற்று, பொறி மூன்றும் சரியென்றால் வண்டி கிளம்பியே ஆக வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி என்ற கணக்கில் 2டி ஆயில் கலந்து, சோக்கை இழுத்து உதைத்தால், சைலன்சரில் தேங்கியிருந்த பழைய ஆயிலெல்லாம் எரிந்து தெருவையே புகை மூடும். அது போகப் போகக் குறையும். குறையாமல் வெண்புகை வந்துகொண்டே இருந்தால், கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் போய், கியர் ஆயில் இன்ஜினுக்குள் எரிகிறது என்று அர்த்தம். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் அலறினால் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. இப்படி ஒவ்வொரு நோய்க்கும் ஒரு சத்தமோ ஒரு வாசனையோ உண்டு. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கத் தேவையில்லை. காதும் மூக்கும் போதும்.

கிளம்பிவிட்டது என்பதற்காக உடனே ரோட்டுக்கு வரக் கூடாது. பிரேக் ஷூ, பிரேக் ஒயர், டயர், டியூப் எல்லாம் புதிதாக மாற்றியாக வேண்டும். பார்க்கப் பள்ளமாக இருந்தாலும் இருபது வருட டயரின் ரப்பர் செத்த ரப்பர்தான். ஓட வைப்பதைவிட நிற்க வைப்பது முக்கியம்!

காகிதமும் உயிர் பெற வேண்டும்

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். வண்டி ஓடினாலும் சட்டத்தின் கண்ணில் அது இன்னும் செத்த வண்டியாகவே இருக்கலாம்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,000 ரூபாய் ஆனது. 2025-இல் 20 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு அது மேலும் கூடியது. தாமதத்துக்கான தொகை, பசுமை வரி, மூன்றாம் நபர் காப்பீடு, புகைச் சான்றிதழ் ஆகியவை தனி.

குடும்ப வண்டிகளில் இன்னொரு சிக்கல், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர் காலமாகியிருப்பார். அப்போது வாரிசுச் சான்றோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். வண்டி யாருக்கு என்ற பேச்சு பல வீடுகளில் முதன்முதலாக அப்போதுதான் எழும்.

1989-க்கு முந்தைய வண்டி என்றால் எண் பலகையிலேயே வயது தெரியும். இன்றைய மாவட்ட எண் முறைக்கு முன் மூன்று எழுத்துத் தொடர்கள் இருந்தன. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 ஆண்டைக் கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம், ஆனால் அன்றாட உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. முதல் சேட்டக்குகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. 1980-களில் வாங்கியவை இன்னும் நடுவில் நிற்கின்றன. புதியதும் அல்ல, பழம்பெருமையும் அல்ல. வெறும் பழைய வண்டி.

கணக்குப் பார்த்தால்...

லாபநஷ்டக் கணக்கு மட்டும் பார்த்தால் இந்த வேலையில் இறங்கவே கூடாது. பாகம், கூலி, பெயின்டிங், ஆர்.டி.ஓ. செலவு எல்லாம் சேர்ந்தால், சாதாரணமாக விற்கப் போகும்போது திரும்பக் கிடைக்காது. மைலேஜ் கம்மி. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறுகிறது. நகரங்களின் காற்றைக் கெடுத்ததில் அதற்குப் பங்கு உண்டு, மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் அதை ஓரங்கட்டியது நியாயம்தான். தினமும் கல்லூரிக்கோ ஆபீசுக்கோ போக இது ஏற்ற வண்டியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று, வீட்டுப் பெரியவரைப் பின்னால் உட்கார வைத்து ஒரு கோயில் வரை, அவ்வளவே போதும்.

ஆனால் கணக்கில் வராத ஒரு வரவு இருக்கிறது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்டிலேயே பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்த கடைசித் தலைமுறை இயந்திரங்களில் இதுவும் ஒன்று. இதைப் பழுது பார்க்கும் அறிவு பெரும்பாலும் புத்தகத்தில் இல்லை. பத்து வயதிலோ பன்னிரண்டு வயதிலோ பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்து, கேட்டும் தொட்டும் கற்றுக்கொண்டவர்களின் கைகளில் இருக்கிறது. அவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. கண் மங்கினாலும் சத்தத்தைக் கேட்டே "பாயிண்ட் போயிருக்கு" என்று சொல்வார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், போனதில் தவறும் இல்லை.

உதிரி பாகம் இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கும். பழைய பாகத்தைப் பார்த்துப் புதிதாகக் கடைந்து கொடுக்கக்கூட லேத் பட்டறை இருக்கிறது. ஆனால் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லும் காது இல்லாமல் போனால் பாகம் கிடைத்து என்ன பயன்? சேட்டக்கை வாங்கக் காத்திருந்தவர்களுக்கு வரிசை என்றைக்காவது முன்னால் நகர்ந்தது. அதை எழுப்ப நினைப்பவர்கள் காத்திருந்தால் வரிசை பின்னால்தான் போகும். வீட்டில் அப்படி ஒரு வண்டி நின்றால், அதை ஓட வைக்கும் எண்ணமும் இருந்தால், தெருமுனைப் பட்டறையில் அந்தப் பெரியவர் இருக்கும்போதே தள்ளிக்கொண்டு போவது நல்லது. போகிறவர் பக்கத்திலேயே நின்று, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.